சிராங்கூன் சாலையும் இந்திய மரபுடைமை நிலையமும்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தில், கேம்பல் லேனும் கிளைவ் ஸ்திரீட்டும் சந்திக்கும் முனையில் நான்கு தளங்களோடு நிற்கிறது இந்திய மரபுடைமை நிலையம். 2015 மே மாதம் திறக்கப்பட்ட இந்த நிலையத்தைத் தேசிய மரபுடைமைக் கழகம் நடத்துகிறது. சிங்கப்பூரிலும் தென்கிழக்காசியாவிலும் வாழ்ந்த இந்திய, தெற்காசிய மக்களின் வரலாற்றுக்கென்றே அமைந்த அருங்காட்சியகம் இது. அதைச் சுற்றியுள்ள தெருக்களைத் தமிழர் தேக்கா என்றும் சிராங்கூன் சாலை என்றும் சொல்வார்கள். இந்த வட்டாரத்தைக் கட்டியவர்கள் தமிழர் மட்டும் அல்லர். சீனர், மலாய்க்காரர், ஜாவாவுக்கு வடக்கேயுள்ள பாவியான் தீவினர், யூதர், யூரேசியர், குஜராத்தி வணிகர், வங்காளிகள், பஞ்சாபியர் என்று பலர் பல தொழில்களை நாடி வந்து சேர்ந்ததால் உருவான ஊர் இது. அந்தக் கலப்பு எப்படி ஏற்பட்டது, எப்படிக் கலைந்தது, அதன் நினைவைக் காக்க ஒரு நிலையம் ஏன் தேவைப்பட்டது என்பது இருநூறு ஆண்டு வரலாறு.

தொடக்கத்தில் இந்தியர் இருந்த இடம்

1819இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி சிங்கப்பூரில் கால் வைத்தபோது சிராங்கூன் பகுதி காடும் சதுப்பும்தான். கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸுடன் அவ்வாண்டே பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார், துணிக்கடையும் நடத்தினார். 1822இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டம் ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி இடம் ஒதுக்கியது. அதில் சூலியா கம்போங் என்று தென்னிந்தியருக்குக் குறிக்கப்பட்ட இடம் சிங்கப்பூர் ஆற்றின் மேற்கரைப் பக்கம் இருந்தது. வட்டித்தொழில் செய்த நகரத்தார் மார்க்கெட் ஸ்திரீட்டில், தொழிலிடமும் தங்குமிடமும் ஒன்றான கிட்டங்கிகள் வைத்திருந்தார்கள். 1827இல் எழுந்த மாரியம்மன் கோயில் இன்று சைனாடவுன் எனப்படும் பகுதியில், சவுத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ளது.

ஆகவே, அரசு வரைபடத்தில் இந்தியருக்கென்று கோடு போட்டு ஒதுக்கிய இடம் சிராங்கூன் சாலை அன்று. அது தொழிலால் உருவான வட்டாரம். நகரத்தின் ஓரத்தில், தண்ணீரும் காலி நிலமும் இருந்த இடத்தில், ஊருக்குள் வைத்துக்கொள்ள முடியாத தொழில்கள் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன. அவற்றின் பின்னாலேயே மக்களும் வந்தார்கள்.

சுண்ணாம்புக் கம்பம்

முதலில் வந்தவை சூளைகள். 1820களில் இப்பகுதியில் செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் குழிகளும் ஏற்பட்டன. புதிதாக எழுந்துகொண்டிருந்த நகரத்துக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் நாள்தோறும் வேண்டியிருந்தன. சூளை வேலைக்குத் தென்னிந்தியத் தொழிலாளர்கள் வந்தார்கள். அந்த இடத்தை மலாய்க்காரர் கம்போங் காப்போர் என்றும் தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்றும் அழைத்தார்கள். சிராங்கூன் சாலையிலுள்ள வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்ற பெயர் வழங்கியது இதனால்தான். சூளைகள் 1860இல் மூடப்பட்டன. தொழில் மறைந்தபின்னும் பெயர் நின்றுவிட்டது.

சூளைகளுக்கு அருகில், பிராஸ் பாசா பகுதியில் இருந்தது இந்தியக் கைதிகளின் சிறை. 1825 முதல் கம்பெனி அரசு இந்தியக் கைதிகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. 1873இல் இந்த முறை முடிவுக்கு வந்தது. சாலை போடுவது, வாய்க்கால் வெட்டுவது, கல் உடைப்பது எல்லாம் அவர்கள் வேலை. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இன்றைய அதிபர் மாளிகையான இஸ்தானாவும் அவர்கள் உழைப்பில் எழுந்தவை. தண்டனை முடிந்தபின் ஊர் திரும்பாமல் சிங்கப்பூரிலேயே தங்கியவர்கள் கைத்தொழில் தெரிந்தவர்களாக இருந்தார்கள். நகரத்தின் தொடக்ககாலக் கூலியாட்களாகவே வரலாறு அவர்களைப் பார்த்துவந்தது. நகரத்தைக் கட்டியவர்களாக அவர்களுக்குரிய இடம் நெடுநாள் கழித்தே கிடைத்தது.

மாடும் மில்லும்

சுண்ணாம்புக்குப் பின் இப்பகுதியின் முகத்தை மாற்றியது மாட்டு வணிகம். ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரும் புல் வளர்ந்த தாழ்நிலமும் மாடு வளர்க்க ஏற்றவையாக இருந்தன. பஃபலோ ரோடு, எருமைக் கொட்டில் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் ஆகிய பெயர்கள் அக்காலத்தைக் காட்டுகின்றன. இந்தத் தொழிலில் முன்னின்றவர்களின் பட்டியலே வட்டாரத்தின் கலப்பைச் சொல்லிவிடும். பெலிலியஸ் ரோட்டுக்குப் பெயர் தந்த ஐ. ஆர். பெலிலியஸ், கல்கத்தாவிலிருந்து வந்த யூதர். பெரிய மாட்டு வணிகர். டெஸ்கர் ரோட்டுக்குப் பெயர் தந்த ஆண்ட்ரே ஃபிலிப்பே டெஸ்கர் யூரேசியர். இறைச்சி வணிகம் செய்தவர், அத்தெருவையொட்டி ஆடுமாடு அறுக்கும் கூடம் வைத்திருந்தவர். காரைக்காலிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் மூனா காதர் சுல்தான் மாட்டு வணிகத்திலேயே பெருஞ்செல்வர் ஆனார். கடற்கரைப் பகுதியான காத்தோங்கில் அவர் கட்டிய மாளிகைக்குச் சொந்த ஊரின் பெயரையே வைத்து 'காரைக்கால் மகால்' என்றார்.

மாடு இருந்த இடத்தில் மாட்டைச் சார்ந்த தொழில்கள் பெருகின. கோதுமை அரைக்கும் மில்லும் எள் ஆட்டும் செக்கும் மாட்டை வைத்து ஓடின. அங்கே கழிந்த தவிடும் பிண்ணாக்கும் அதே மாடுகளுக்குத் தீனியாயின. பால்காரர்கள் பக்கத்துத் தெருக்களில் கறவை மாடுகளைக் கட்டி வைத்து, வீடுவீடாகப் பால் ஊற்றினார்கள். தோல் பதனிடுபவர், வண்டி ஓட்டுபவர், லாடம் அடிப்பவர், புல் அறுப்பவர் என்று ஒரு தொழிலைச் சுற்றிப் பத்துத் தொழில்கள் நடந்தன.

சீனர்களின் தொழில்களும் இதே தாழ்நிலத்தைத்தான் நம்பியிருந்தன. பிரம்பை ஊறவைக்கச் சதுப்புநீர் உதவியது. அன்னாசிப்பழம் பதப்படுத்தும் ஆலைகளும் ரப்பர் புகையூட்டும் கொட்டகைகளும் வந்தன. கெர்பாவ் ரோட்டில் இன்று பல வண்ணங்களில் மின்னும் டான் டெங் நியாவின் வீடு 1900 அளவில் கட்டப்பட்டது. மிட்டாய்த் தொழில் நடத்திய சீன வணிகர் அவர். மிட்டாய்க்காகக் கரும்பு பிழிந்தபின் மிஞ்சும் சக்கை, வீட்டின் பின்புறமிருந்த ரப்பர் புகைக்கூடத்துக்கு விறகானது என்று சொல்வார்கள். இந்த வட்டாரத்தில் எஞ்சியிருக்கும் கடைசிச் சீன மாளிகை இது.

சதுப்பு தூர்க்கப்பட்டு, கடைவீடுகள் நெருங்கி எழ, மாட்டுத் தொழில் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒடுங்கியது. 1930களில் அது பெரும்பாலும் மறைந்துவிட்டது. கொட்டில்கள் இருந்த இடத்தில் துணிக்கடை, மளிகைக்கடை, நகைக்கடை, உணவகம் என்று வணிகத் தெரு உருவாயிற்று.

பந்தயத் திடல்

மாட்டுக்கு அடுத்தபடி வட்டாரத்துக்கு ஆள் சேர்த்தது குதிரை. 1842இல் தோன்றிய சிங்கப்பூர் விளையாட்டு மன்றம், 1843இல் ஃபேரர் பார்க்கில் முதல் குதிரைப் பந்தயத்தை நடத்தியது. 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறும்வரை ஐரோப்பிய அதிகாரிகளின் பொழுதுபோக்கிடம் அதுதான். ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் இன்றும் உண்டு. குதிரைகளைப் பராமரிக்கும் வேலையில் இந்தியரும் பாவியான் தீவினரும் இருந்தார்கள். பாவியானியர் தமக்கெனக் குடியிருப்பு அமைத்துக்கொண்டார்கள். புதிதாகக் கப்பலில் வந்து இறங்கும் ஊர்க்காரருக்குத் தங்க இடமும் வேலை தேடித் தரும் உதவியும் கிடைத்தது 'பொண்டோக்' எனப்பட்ட பொதுவிடுதிகளில். ஒரே கூரையின் கீழ், ஒரே ஊரின் ஆட்கள், ஒரு தலைவரின் பொறுப்பில் வாழ்ந்தார்கள். நகரத்தார் கிட்டங்கியும் பாவியானியர் பொண்டோக்கும் வேறு வேறு மக்களின் ஏற்பாடுகள். ஆனால், அயலூரில் ஊர்க்காரருக்கு ஊர்க்காரர் கைகொடுப்பது என்ற ஒரே தேவை இரண்டையும் உண்டாக்கியது.

இதே திடல்தான் 1911இல் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்ததைப் பார்த்தது. 1942 பிப்ரவரி 17 அன்று, சிங்கப்பூர் வீழ்ந்து இரண்டு நாள் கழித்து, பிரிட்டிஷ் படையிலிருந்த ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்கள் இங்கேதான் கூட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவத்துக்கு அங்கேயே அழைப்பு விடுத்தார். அடுத்த ஆண்டு சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து அந்தப் படைக்குப் புத்துயிர் ஊட்டினார். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்களும் ராணி ஜான்சி படைப்பிரிவில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினார்கள். இந்திய விடுதலைப் போரில் கடல் கடந்த தமிழரின் பங்கைப் பேசும்போது ஃபேரர் பார்க்கைத் தவிர்க்க முடியாது.

ஒரே தெருவில் பல தெய்வங்கள்

இந்த வட்டாரத்தில் யாரெல்லாம் வாழ்ந்தார்கள் என்பதற்கு வழிபாட்டிடங்களே உறுதியான சான்று. குடும்பங்கள் இடம்பெயர்ந்துவிட்டன; வழிபாட்டிடங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

வீரமாகாளியம்மன் கோயில் 1881இல் உருப்பெற்றது. உழைக்கும் மக்கள் தம்மைக் காக்கும் தாயாகக் காளியை வழிபட்டார்கள். ஜப்பானியர் குண்டு வீசிய நாட்களில் அக்கம்பக்கத்தார் இக்கோயிலில் தஞ்சம் புகுந்தார்கள். சிராங்கூன் சாலையிலேயே இன்னும் வடக்கே உள்ள ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்கு 1855இல் நிலம் வாங்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த விலை 26 ரூபாய் 8 அணா. நரசிம்மப் பெருமாள் கோயிலாக இருந்தது 1960களில் இப்பெயர் பெற்றது. 1978இல் தேசிய நினைவுச்சின்னமானது. அதன் இராஜகோபுரம் 1979இல் நிறைவுபெற்றது. கோபுரத்துக்குப் பொருள் தந்தவர் பி. கோவிந்தசாமி பிள்ளை. தமிழகத்திலிருந்து இளவயதில் வந்து, சிராங்கூன் சாலையில் துணி, மளிகைக் கடைகள் நடத்தி முன்னேறியவர் அவர். தைப்பூசத்தன்று காவடிகள் புறப்படுவது இந்தப் பெருமாள் கோயிலிலிருந்துதான். டேங்க் ரோட்டிலுள்ள நகரத்தாரின் தண்டாயுதபாணி கோயிலில் போய்ச் சேர்கின்றன. பெருமாள் சந்நிதியில் தொடங்கி முருகன் சந்நிதியில் முடியும் இந்த ஊர்வலம் சிங்கப்பூர்த் தமிழரின் ஆண்டு நிகழ்ச்சிகளில் பெரியது.

டன்லப் ஸ்திரீட்டில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலைத் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பினார்கள். மரத்தால் ஆன பழைய பள்ளிவாசல் 1859இல் இங்கிருந்தது. இப்போதுள்ள கட்டடத்தின் வேலை 1907இல் தொடங்கியது. வக்கீல் நிறுவனமொன்றில் தலைமை எழுத்தராக இருந்த ஷேக் அப்துல் கஃபூரின் முயற்சி இது. வாசலின் மேலே கதிர்வீசும் சூரியனின் வடிவம் இருக்கிறது. 25 கதிர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில் பொறித்திருக்கிறது. தூண்களில் ஐரோப்பியப் பாணி, மாடங்களில் மொகலாயச் சாயல். இதற்கு அருகிலேயே சிராங்கூன் சாலையில் குஜராத்தி வணிகக் குடும்பம் ஏற்படுத்திய அங்குலியா பள்ளிவாசலும் உள்ளது.

கிறித்தவத்தின் கதையும் இதுபோலவே பலமொழி பேசுகிறது. சீனப் பெரனாக்கான் குடும்பங்கள் வீட்டில் மலாய் பேசியதால், ஆஸ்திரேலிய மிஷனரி சோஃபியா பிளாக்மோர் 1894இல் அவர்களுக்கு மலாய்மொழி வழிபாட்டைத் தொடங்கினார். அந்தச் சபையே கம்போங் காப்போர் மெதடிஸ்ட் திருச்சபையாக வளர்ந்தது. ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்டுகளுக்குத் தனித் திருச்சபை உண்டு. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஃபூச்சோ சீனர்களின் திருச்சபை உள்ளது. ஓஃபிர் ரோட்டில் 1888இல் எழுந்த லூர்து மாதா கோயில் தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டப்பட்டது. ரேஸ் கோர்ஸ் ரோட்டிலேயே சீனர்களின் லியோங் சான் சீ கோயிலும், அதற்கு எதிரே தாய்லாந்துப் பிக்கு ஒருவர் 1927இல் தோற்றுவித்த சாக்கியமுனி புத்தகயா கோயிலும் இருக்கின்றன. அந்தப் புத்தர் சிலையின் உயரம் 15 மீட்டர். சீனர், தாய்லாந்தினர், சிங்களவர் என்று எல்லாப் பௌத்தரும் அங்கே விளக்கேற்றுகிறார்கள்.

சந்தை, அச்சு, சீர்திருத்தம்

1915இல் கட்டப்பட்ட கண்டாங் கெர்பாவ் சந்தை எல்லோரையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது. மூங்கில் தோப்பு இருந்ததை ஒட்டி ஹொக்கியன் சீனர் வழங்கிய பெயரே தேக்கா என்றாகி, எல்லா மொழியினர் வாயிலும் ஏறியது. ஆட்டிறைச்சிக் கடையில் தமிழ் முஸ்லிம், மீன்கடையில் சீனர், கீரைக்கட்டுக்கும் வாழையிலைக்கும் தமிழர். பேரம் பேச எல்லோருக்கும் பொதுவாக இருந்தது பஜார் மலாய். முருங்கைக்காயையும் கறிவேப்பிலையையும் சீனக் கடைக்காரர் தமிழ்ப் பெயர் சொல்லி விற்பது தேக்காவில் இன்றும் கேட்கும் குரல். மிளகாய், மல்லி, மஞ்சளைக் காயவைத்துக் கொண்டுவந்து கஃப் ரோட்டு மில்லில் அரைத்துப்போவது பல குடும்பங்களின் வழக்கமாக இருந்தது. பொடி பாக்கெட்டில் வரத் தொடங்கிய பிறகுதான் அந்த வழக்கம் குறைந்தது.

எழுத்தும் அச்சும் சிங்கப்பூர்த் தமிழரின் வாழ்வில் முன்பே இடம்பெற்றிருந்தன. 1887இல் தமிழ் முஸ்லிம்கள் 'சிங்கை நேசன்' என்ற வார இதழைத் தொடங்கினார்கள். 1929இன் இறுதியில் ஈ. வெ. ராமசாமி மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சுற்றுப்பயணம் செய்தபின், சீர்திருத்தக் கருத்துகள் வேர்கொண்டன. தமிழர் சீர்திருத்தச் சங்கம் 1932இல் தோன்றியது. 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். சாதி வேற்றுமைக்கு எதிராகவும் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆதரவாகவும் எழுதிய அந்த இதழ் இன்றும் நாளிதழாக வெளிவருகிறது. சைவ உணவகமான கோமள விலாஸ் 1947 முதல் சிராங்கூன் சாலையில் இருக்கிறது. தனியாக வந்து வேலை பார்த்த ஆண்கள் நிறைந்திருந்த காலத்தில் இத்தகைய உணவகங்கள் சாப்பாட்டுக்கடை மட்டுமல்ல. கடிதம் வந்து சேரும் முகவரியும், வேலைச் செய்தி கிடைக்கும் இடமும் அவைதான்.

மக்கள் சென்றார்கள், கட்டடங்கள் நின்றன

1960களின் இறுதியிலிருந்து வட்டாரம் வேறு திசையில் திரும்பியது. பிரிட்டன் தன் படைகளைத் திரும்பப் பெறும் முடிவை 1968இல் அறிவித்தது. 1971இல் பெரும்பகுதி வெளியேறியது. கடற்படைத் தளத்தில் வேலைபார்த்த இந்தியர் பலர் ஊர் திரும்பினார்கள். அதே காலத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தீவு முழுவதும் அடுக்குமாடி வீடுகளைக் கட்டிக்கொண்டிருந்தது. நெருக்கமான கடைவீடுகளிலிருந்து குடும்பங்கள் குழாய்த்தண்ணீரும் தனிக் கழிப்பறையும் உள்ள வீடுகளுக்குப் போயின. அது வாழ்க்கைத்தரத்தில் பெரிய முன்னேற்றம். ஆனால், சிராங்கூன் சாலை வாழும் தெருவாக இருந்த நிலை அத்தோடு முடிந்தது. பழைய சந்தை இடிக்கப்பட்டு, 1982இல் சாலையின் எதிர்ப்பக்கம் புதிய கட்டடத்துக்கு மாறியது. ஜூஜியாவ் நிலையம் என்று அதற்கிட்ட மாண்டரின் பெயர் மக்கள் வாயில் நிற்கவில்லை. 2000இல் தேக்கா நிலையம் என்றே பெயர் மாற்றினார்கள்.

1989ஆம் ஆண்டு இரண்டு முடிவுகளால் முக்கியமானது. அவ்வாண்டு மார்ச் மாதம் அரசு, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று வரம்பு விதித்தது. எந்த இனமும் ஓரிடத்தில் குவிந்துவிடக் கூடாது என்பது நோக்கம். ஜூலை 7 அன்று லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் ஆகிய வட்டாரங்கள் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. கடைவீடுகளின் முகப்பு, ஓட்டுக்கூரை, ஐந்தடி நடைபாதை ஆகியவற்றை மாற்றக் கூடாது என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் விதி வகுத்தது. இனவாரியாக மக்கள் சேர்ந்து வாழும் இடங்கள் இனி இருக்காது. இனங்களின் பெயரால் அறியப்படும் பழைய தெருக்கள் காக்கப்படும். இரண்டு கொள்கைகளும் ஒரே ஆண்டில் வந்து, சிராங்கூன் சாலையின் பிற்கால வாழ்வை முடிவுசெய்தன. வீட்டுக்கு வீடு வாழ்ந்தவர்கள் வாங்கவும் வழிபடவும் வந்துபோகிறவர்கள் ஆனார்கள்.

சுவரையும் கூரையையும் சட்டம் காக்கும். அந்தச் சுவருக்குள் யார் இருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள், ஏன் வந்தார்கள் என்பதைச் சட்டத்தால் காக்க முடியாது. வாடகை ஏறும்போது பழைய தொழில்கள் விலகுகின்றன. அதே முகப்பில் விடுதியும் மதுக்கூடமும் வருகின்றன. நினைவைக் காக்க வேறோர் ஏற்பாடு தேவைப்பட்டது இந்த இடத்தில்தான். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் 1979இலேயே வாய்மொழி வரலாற்றுக்குத் தனிப்பிரிவு தொடங்கி, மூத்தவர்களின் குரல்களைப் பதிவுசெய்துவந்தது. மலாய் மரபுடைமை நிலையம் கம்போங் கிளாமில் 2005இல் திறந்தது. இந்தியருக்கான நிலையம் அதற்குப் பத்தாண்டு கழித்து வந்தது.

மரபுடைமை நிலையம்

வட இந்தியாவின் படிக்கிணறுகளை நினைவில் வைத்து இதன் கட்டடம் வடிவமைக்கப்பட்டது. படிக்கிணறு தண்ணீர் எடுக்கும் இடம் மட்டுமன்று; வழிப்போக்கரும் ஊராரும் நிழலில் உட்கார்ந்து பேசும் இடமும் ஆகும். ஒளி ஊடுருவும் முகப்புக்குப் பின்னால் படிக்கட்டுகளும் பெரிய சுவரோவியமும் இருக்கின்றன. பகலில் முகப்பு ஒளியைப் பிரதிபலிக்கிறது. இரவில் உள்விளக்கு எரியும்போது ஓவியம் தெருவுக்குத் தெரிகிறது.

நிலையான காட்சிக்கூடம் ஐந்து பகுதிகளாகச் செல்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டு முதல் தெற்காசியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் இருந்த தொடர்பு, 19ஆம் நூற்றாண்டு முதலான குடியேற்றம், சிங்கப்பூரிலும் மலாயாவிலும் முன்னோடிகளாக இருந்தவர்கள், சமூக அரசியல் விழிப்பு, நாடு உருவானபின் இந்தியரின் பங்கு என்பது வரிசை. திறப்பின்போது நானூறுக்கு மேற்பட்ட பொருட்கள் காட்சிக்கு வந்தன.

அவற்றில் கண்ணை நிறுத்துவது செட்டிநாட்டு வாசல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்த இந்த மரவாசலின் உயரம் 3.4 மீட்டர். அதில் ஏறத்தாழ 5,000 நுண்சிற்பங்கள் உண்டு. இதன் பொருளாதாரப் பின்னணியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பர்மா, மலாயா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் நகரத்தார் ஈட்டிய வட்டிப்பணம் அவர்களின் சொந்த ஊரான செட்டிநாட்டில் வீடுகளாயிற்று. பர்மாவிலிருந்து தேக்குமரம் வந்தது. ஊர்த் தச்சர் செதுக்கினார். மார்க்கெட் ஸ்திரீட்டுக் கிட்டங்கியில் பாயில் உட்கார்ந்து கணக்கெழுதிய வாழ்க்கையின் மறுபக்கம் இந்த வாசல்.

பெரும் வணிகரின் பொருட்களோடு சாதாரணக் குடும்பங்கள் கொடுத்தவையும் கடனாகத் தந்தவையும் சேர்ந்துதான் காட்சிக்கூடம் நிறைந்திருக்கிறது. பெட்டிக்குள் கிடந்த கப்பல் பயணச்சீட்டும் பழைய கடவுச்சீட்டும் குடும்பப் படமும் ஒரு சமூகத்தின் ஆவணங்களாக மதிப்புப் பெற்றன. காவலர், செவிலியர், ஆசிரியர், துறைமுகத் தொழிலாளி ஆகியோரின் வாழ்வுக்கு இவ்வகைப் பொருட்களைத் தவிர வேறு சான்று குறைவு.

சிறப்புக் கண்காட்சிகளும் நிலையத்தின் பணியைக் காட்டுகின்றன. 2016இல் நடந்த முதல் சிறப்புக் கண்காட்சி லிட்டில் இந்தியாவின் கதையையே எடுத்துக்கொண்டது. 2018இல் மலாக்கா செட்டிகளைப் பற்றிய கண்காட்சி நடந்தது. மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே வணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிய தமிழ் வணிகரின் வழியினர் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய், உடுத்துவது கெபாயா, வழிபடுவது சிவனையும் மாரியம்மனையும். இந்தியர் என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை கலப்புகள் அடங்கும் என்பதற்கு அவர்களைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 2019இல் சோழமண்டலக் கரையிலிருந்து நீரிணைக் குடியேற்றங்கள் வரையிலான தமிழர் மரபும், 2021இல் சிங்கப்பூர்ச் சீக்கியர்களின் வரலாறும் காட்சிக்கு வந்தன.

சுற்றியுள்ள தெருக்களோடு நிலையம் பிணைந்திருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கேம்பல் லேன் திருவிழாச் சந்தையாகிறது. கோலம், மாக்கோலப் பயிற்சி, பூக்கட்டுதல், மரபுநடை ஆகியவற்றைப் பள்ளி மாணவருக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் நிலையம் நடத்துகிறது. பொங்கல் நாட்களில் வட்டாரக் கடைக்காரர் சங்கம் பண்ணையிலிருந்து மாடுகளைக் கொண்டுவந்து பார்வைக்குக் கட்டுகிறது. அடுக்குமாடி வீட்டில் வளரும் சீன, மலாய், தமிழ்ப் பிள்ளைகள் மாட்டைத் தொட்டுப் பார்க்கிறார்கள். ஒருகாலத்தில் இதே மண்ணில் நடந்த தொழிலை அவர்களுக்கு எடுத்துச்சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

பிற ஊர்களின் வழிகள்

பல இனத்தார் வாழ்ந்த தெருக்களைக் காக்கும் முயற்சி உலகின் பல ஊர்களில் பல வடிவில் நடந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற வட்டாரத்தை 1966இல் நிறவெறி அரசு வெள்ளையருக்கு மட்டும் உரியதாக அறிவித்தது. ஏறத்தாழ 60,000 பேர் வெளியேற்றப்பட்டு, வீடுகள் இடிக்கப்பட்டன. 1994இல் பழைய மெதடிஸ்ட் கோயிலில் அதற்கு அருங்காட்சியகம் திறந்தது. தரையில் விரித்த தெரு வரைபடத்தில் முன்னாள் குடியிருப்பாளர்கள் தம் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதினார்கள். கட்டடமே இல்லாமல் போன ஊரை நினைவு மட்டும் மீட்டது அங்கே. சிங்கப்பூரில் கட்டடம் உண்டு, குடியிருந்தவர் இல்லை. பினாங்கின் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தன. அங்கும் வாடகை உயர்வும் பழைய கைத்தொழிலாளர் விலகுவதும் பெரும் கவலை.

தமிழர் வரலாறு தொட்ட பெங்களூருவிலும் இதற்கு ஒப்பான வட்டாரம் இருக்கிறது. 1809இல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து படைமுகாமை இங்கே மாற்றியபோது, சென்னைப் படையைத் தொடர்ந்து தமிழ் வணிகரும் ஒப்பந்தக்காரரும் கைவினைஞரும் வந்தார்கள். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தமிழர், முஸ்லிம்கள், ஆங்கிலோ இந்தியர் ஆகியோர் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தார்கள். 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் திரும்பியபின்னும் படைமுகாம் அமைந்த தண்டுப்பகுதி ஆங்கிலேயர் கையில் இருந்தது. 1947இல்தான் திரும்பக் கிடைத்தது. 1949இல் நகரத்தோடு இணைந்தது. 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரிக்கரையில் மொழிப்பணி செய்துவருகிறது. தெற்கே தமிழக எல்லையை ஒட்டிய ஆனேக்கல் வட்டத்தில் கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது நான்கும் சந்தையில் புழங்குகின்றன. தொழிற்பேட்டைகளும் அடுக்குமாடிகளும் விரைந்து எழும் இப்பகுதிகளில் தெருக்களின் பழைய நினைவைத் திரட்டும் வேலைக்குச் சிங்கப்பூர் முன்மாதிரி ஒன்றைத் தருகிறது. முதியவர்கள் இருக்கும்போதே குரலைப் பதிவுசெய்வது, வீட்டுப் பெட்டியிலிருக்கும் காகிதங்களைத் திரட்டுவது, தொழில்களின் வழியாகத் தெருவின் கதையைச் சொல்வது ஆகியவை அதன் கூறுகள்.

இன்றைய தெரு

லிட்டில் இந்தியாவின் இன்றைய கதையில் புலம்பெயர் தொழிலாளர்கள் முதலிடம் பெறுகிறார்கள். தமிழகம், ஆந்திரம், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தெருக்களை நிறைக்கிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவதும், ஊர்க்காரரைப் பார்ப்பதும், தங்கள் ருசியில் சாப்பிடுவதும் இங்கேதான். 2013 டிசம்பர் 8 அன்று தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து ரேஸ் கோர்ஸ் ரோட்டில் கலவரம் மூண்டது. ஏறத்தாழ முந்நூறு பேர் அதில் ஈடுபட்டார்கள். அதன்பின் இப்பகுதியில் மது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடுகள் வந்தன. புலம்பெயர் தொழிலாளரின் தங்குமிடம், ஓய்வு, வேலை நிலைமை பற்றிய விவாதமும் வலுத்தது.

சுண்ணாம்புச் சூளைத் தொழிலாளரையும் சிறைக்கைதிகளையும் முன்னோடிகளாகப் போற்றும் சமூகம், இன்று அதே வேலையைச் செய்கிறவர்களின் வாழ்வையும் பதிவுசெய்யக் கடமைப்பட்டது. அவர்கள் கட்டும் கட்டடங்களிலும் போடும் பாதைகளிலும்தான் அடுத்த தலைமுறைச் சிங்கப்பூர் வாழப்போகிறது. நிலையத்தின் ஐந்து பகுதிகளும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு பெரிதும் நிறைவடைகின்றன. அடுத்த பகுதிக்கான மக்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களின் கடிதங்களும் கைப்பேசிப் படங்களும் வேலை அட்டைகளும் வருங்காலக் காட்சிப்பொருட்கள். தொழில் தேடி வந்தவர்களால் ஆன வட்டாரத்தின் மரபைக் காப்பது என்றால், இப்போது வந்துகொண்டிருப்பவர்களையும் அந்த மரபில் சேர்ப்பது என்றே பொருள்.